தெளிந்த தண்ணீரில் காலரா எப்படி வருகிறது?

ஒரு பகுதியில் திடீரென்று வயிற்றுப்போக்கு பரவி, ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்திகளில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று பேச்சுகள் வரும். தண்ணீர் வழங்குபவர்கள், "மாதிரி எடுத்துச் சோதித்துவிட்டோம், நீரில் கோளாறு இல்லை" என்பார்கள். அங்கே குடியிருப்பவர்கள், "குழாயைத் திறந்தாலே நாற்றம் அடித்தது" என்பார்கள். மருத்துவர்கள், "எதற்கும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்பார்கள். படிப்பவருக்கு யாரோ ஒருவர் பொய் சொல்வதாகத் தோன்றும். ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. அது எப்படி என்று புரிய, ஒருவர் வயிற்றில் இருந்த கிருமி இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேரும் பாதையை அடியிலிருந்து பார்த்து வர வேண்டும்.

## எதை நீர்வழி நோய் என்கிறோம்?

தண்ணீரோடு தொடர்புள்ள எல்லா நோயும் இதில் சேராது. தேங்கிய நீரில் கொசு பெருகி டெங்கு வருவது வேறு கதை. நிலத்தடி நீரில் ஆர்சனிக்கோ ஃபுளோரைடோ கலந்து உடல் கெடுவதும் வேறு. இந்தக் கட்டுரை பேசுவது மலத்தில் வெளியேறும் கிருமிகள் குடிநீர் வழியாக அடுத்தவர் வயிற்றுக்குள் போவதால் வரும் நோய்களைப் பற்றி. மலம்–வாய் வழித் தொற்று என்பது இதற்கான மருத்துவப் பெயர். கேட்க அருவருப்பாக இருக்கிறது என்பதால் செய்திகளில் இதை 'மாசடைந்த நீர்', 'சுகாதாரமற்ற சூழல்' என்று மழுப்பி எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதும்போது விஷயமே கைநழுவிப் போகிறது. குப்பை மேடும் சேறும் கண்ணுக்குத் தெரிவதால் பழி அவற்றின் மேல் விழுகிறது. மலம் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கிருமிகள் மூன்று வகை:

1. பாக்டீரியா. காலரா, டைபாய்டு, ஷிகெல்லா என்ற கிருமியால் வரும் சீதபேதி ஆகியவை இதில் அடக்கம். ஈ.கோலையின் சில வகைகளும் உண்டு.
2. வைரஸ். குழந்தைகளைத் தாக்கும் ரோட்டா, எல்லா வயதினரையும் தாக்கும் நோரோ, மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ.
3. ஒட்டுண்ணிகள். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம், அமீபா. இவற்றில் பல, கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொண்டு நீரில் வெகுநாள் உயிரோடு இருக்கும்.

சுத்தமில்லாத குடிநீர், முறையான கழிவகற்றல் இல்லாமை, கை கழுவ வசதியின்மை ஆகிய மூன்றும் சேர்ந்து ஏற்படுத்தும் வயிற்றுப்போக்கால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும் இதில் ஏறத்தாழ 4 லட்சம்.

## குடித்த நாள் ஒன்று, படுத்த நாள் ஒன்று

கிருமி உள்ளே போன நாளுக்கும் நோய் தெரியும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை நோயரும்பும் காலம் என்பார்கள். செய்தியில் வரும் குழப்பத்தில் பாதி இதில்தான் இருக்கிறது.

காலராவுக்கு அது சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள் வரை. டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். ஹெபடைடிஸ் ஏ-க்குச் சராசரியாக நான்கு வாரம். ஹெபடைடிஸ் ஈ-க்கு இரண்டு முதல் பத்து வாரம் வரை போகலாம். அதாவது இன்று மஞ்சள் காமாலையோடு வரிசையில் நிற்பவர் போன மாதம் குடித்த தண்ணீருக்கு இன்று படுகிறார். உடைந்த குழாயை இடையில் யாராவது சரிசெய்திருக்கலாம். இன்றைக்கு எடுத்த மாதிரி சுத்தமாக இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. அது போன மாதத்து நீரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதே காரணத்தால், நோயரும்பும் காலம் நீண்ட நோய்களில், குழாயை அடைத்த பிறகும் நோயாளிகளின் எண்ணிக்கை சில வாரங்களுக்கு ஏறிக்கொண்டே போகலாம். எடுத்த நடவடிக்கை பலிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

## எத்தனை கிருமி போனால் நோய் வரும்?

தொற்றளவு என்று ஒன்று உண்டு. நோய் வர எத்தனை கிருமிகள் உள்ளே போக வேண்டும் என்ற கணக்கு அது. ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமிகளே போதும். சரியாகக் கழுவாத விரல் நுனியில் அவ்வளவு தங்கும். ஆகவே அது தண்ணீரே இல்லாமலும் கைக்குக் கை தாவும். காலரா அப்படி இல்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவரின் இரைப்பை அமிலம் அந்தக் கிருமியைப் பெருமளவு கொன்றுவிடுகிறது. அதைத் தாண்ட, தண்ணீரோடு மட்டும் போனால், கோடிக்கணக்கில் போக வேண்டியிருக்கும். (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கும், சத்துக்குறைவால் அமிலச் சுரப்பு குறைந்தவருக்கும் அதைவிட மிகக் குறைவாகவே போதும்.)

கோடிக்கணக்கான கிருமி ஒருவர் வாய்க்குள் போவது சாத்தியமா என்று தோன்றலாம். கடுமையான காலராவில் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை பேதியாகும். மலம் என்று சொல்ல முடியாதபடி, அரிசி களைந்த கழுநீர் மாதிரி போகும். அந்த நீரின் ஒரே ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும். புதிதாக வெளியேறிய கிருமிக்கு முதல் சில மணி நேரம் தொற்றும் வீரியமும் அதிகம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலரா தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் தெரிவதே இல்லை, அல்லது லேசாக வந்து போய்விடுகிறது. அவர்களும் சில நாட்களுக்குக் கிருமியை வெளியேற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். டைபாய்டு வந்து குணமானவர்களில் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். ஆகவே 'நோயாளியைத் தனிமைப்படுத்தினால் போதும்' என்ற யோசனை இங்கே எடுபடாது. யார் மலத்தில் கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. எல்லார் மலமும் தண்ணீரைச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வழி.

## மூன்றடி மண்

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டனின் சோஹோ பகுதியில், பிராட் தெருவில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 616 பேர் செத்தார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளைத் தேடிப்போய் விசாரித்தார்; பின்னர் அவற்றை வரைபடத்திலும் குறித்தார். அவை பெரும்பாலும் ஒரு கைப்பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. செப்டம்பர் 8 அன்று அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இவ்வளவும் பலரும் கேள்விப்பட்டது.

அதிகம் சொல்லப்படாத பகுதிதான் நமக்கு வேண்டியது. அந்தப் பம்பின் தண்ணீர் தெளிவாக இருந்தது. ருசியாகவும் இருந்தது. அந்தத் தெருவை விட்டுத் தொலைவில் ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபோன ஒரு மூதாட்டி, அந்த ருசிக்காகவே அங்கிருந்து தண்ணீர் வரவழைத்துக் குடித்தார். அவர் வசித்த பகுதியில் யாருக்கும் காலரா இல்லை. அவருக்கு மட்டும் வந்து, இறந்தும் போனார். அப்புறம் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார் வீடு வீடாக விசாரித்தபோது முதல் நோயாளி யார் என்று தெரிந்தது. பம்புக்கு எதிரே இருந்த வீட்டில் பேதியால் இறந்த ஒரு கைக்குழந்தை. அதன் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு மலக்குழியில் ஊற்றியிருந்தார். தோண்டிப் பார்த்தார்கள். குழியின் செங்கல் சுவர் உளுத்துப்போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஏறத்தாழ மூன்றடி மண்தான்.

மண் நல்ல வடிகட்டிதான். ஆனால் அதற்குக் கனமும் நேரமும் வேண்டும். குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே உலர்ந்த மண் இருந்தால், கழிவுநீர் அதில் மெல்ல இறங்கும்போது கிருமிகள் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மடியும். கனமழை பெய்து நீர்மட்டம் மேலே வந்து குழியின் அடியைத் தொட்டுவிட்டால் அந்த உலர்ந்த அடுக்கே இல்லாமல் போகிறது. மலக்குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் நிற்கும். மழைக்குப் பிந்தைய வாரங்களில் நோய் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெடிப்புள்ள பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் நிலைமை இன்னும் மோசம். அங்கே நீர் வடிகட்டப்படாமல் ஓடை மாதிரி பாய்கிறது; 'இத்தனை அடி தள்ளித் தோண்டினால் போதும்' என்ற கணக்கு அங்கே செல்லாது.

வறட்சியிலும் நோய் பரவுகிறது. ஓடும் நீர் குறைந்து கழிவின் அடர்த்தி கூடுகிறது, மிச்சமிருக்கும் ஓரிரு ஊற்றுகளில் ஊரே மொள்ளுகிறது, கை கழுவத் தண்ணீர் இருப்பதில்லை.

## குழாய் வந்த பிறகும் ஏன்?

கிணற்றை விட்டுக் குழாய்க்கு மாறினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் நன்றாகவே இருக்கும். வழியில் என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தத்தோடு நீர் ஓடும் குழாயில் விரிசல் இருந்தால், உள்ளே இருக்கும் நீர் வெளியே கசியும். நஷ்டம்தான், ஆனால் வெளியே இருப்பது உள்ளே வராது. நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் இடத்தில் நடப்பது வேறு:

1. வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கும் நீர் தாழ்வான வீடுகளின் பக்கம் வடிகிறது. மேடான பகுதியில் குழாய் காலியாகிறது.
2. வடியும் நீர் பின்னால் வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போகிறது. அதாவது குழாய் இப்போது உறிஞ்சுகிறது.
3. பல இடங்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில், சில இடங்களில் ஒன்றை ஒன்று குறுக்கிட்டுக்கொண்டு போகின்றன. விரிசலைச் சுற்றிக் கசிந்து நிற்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது.
4. வரும் தண்ணீர் போதாமல் வீட்டுக்காரர் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுத்தால், தண்ணீர் விடும் நேரத்திலேயே இந்த உறிஞ்சல் நடக்கும். அதன் விளைவு அடுத்தடுத்த வீடுகளுக்கும் போகும்.
5. மறுநாள் வால்வைத் திறந்ததும், உள்ளே புகுந்தது எல்லாம் முதல் தண்ணீரோடு குழாயின் கடைசி வீடுகளை நோக்கித் தள்ளப்படுகிறது.

அந்த முதல் தண்ணீர் கலங்கலாக, லேசான நாற்றத்தோடு வரும். தண்ணீர் பற்றாத வீட்டில் அதையும் வீணாக்க மாட்டார்கள். குடம் வைத்துப் பிடிப்பார்கள். அரைமணி நேரம் கழித்து அதே குழாயில் தெளிந்த நீர் வரும். சோதனைக்கு மாதிரி எடுப்பவர் வந்து சேர்வது பெரும்பாலும் அதற்கும் பிறகு. தெருமுனையில், தொட்டிக்குப் பக்கத்தில், வசதியான ஒரு குழாயில் புட்டியை நிரப்பிக்கொண்டு போவார். ஈ.கோலை இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனைக்கு, கிருமியை வளர்த்துப் பார்க்க 18 முதல் 24 மணி நேரம் வேண்டும். முடிவு 'கோளாறு இல்லை' என்று வரும். அதுவும் உண்மை. கடைக்கோடி வீட்டில் காலையில் நாற்றம் அடித்ததும் உண்மை.

ஈ.கோலையைத் தேடுவது ஏன் என்றும் சொல்லிவிடலாம். மனிதர், விலங்குகளின் குடலில் அது எப்போதும் இருப்பது. பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. நீரில் அது தெரிந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் குடிநீருக்கான அளவுகோல். ஆனால் அது இல்லை என்பதாலேயே வைரஸோ ஒட்டுண்ணியோ இல்லை என்று ஆகிவிடாது. குளோரினுக்கு ஈ.கோலை முதலில் சாகும், மற்றவை தாக்குப்பிடிக்கும்.

## கழிவறையின் மறுமுனை

'இத்தனை கோடிக் கழிவறை கட்டினோம்' என்ற எண்ணிக்கை எங்கும் வரும். கழிவறை என்பது ஒரு பாதையின் தொடக்கம். பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் கழிவகற்றல் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சொல்வது அந்தப் பாதை முழுவதையும். மலம் அங்கேயே பாதுகாப்பாக மக்க வேண்டும். இல்லையென்றால் எடுத்துக்கொண்டு போய்ச் சுத்திகரிக்க வேண்டும். 2022 கணக்கின்படி உலகில் 350 கோடிப் பேருக்கு அந்த வசதி இல்லை. அதில் திறந்தவெளியில் போகிறவர்கள் சுமார் 42 கோடி மட்டுமே. மீதி முந்நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கழிவறை என்று ஏதோ ஒன்று இருக்கிறது. பாதை பாதியில் அறுந்துபோகிறது.

எங்கே அறுகிறது? செப்டிக் டேங்கை எடுத்துக்கொள்வோம். அது மலத்தைச் சுத்திகரித்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதில் கெட்டியானவை அடியில் படிந்து ஓரளவு மக்கும், அவ்வளவே. மேலே வழிந்து வெளியேறும் நீரில் கிருமிகள் நிறையவே இருக்கும். அது உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும். இடநெருக்கடியில் உறிஞ்சுகுழி தோண்டாமல், அந்தக் குழாயை நேரே தெருச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். அடியில் படிந்த கசடை அள்ள லாரி வந்தால், சுத்திகரிப்பு நிலையம் தொலைவில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. இருட்டியதும் வாய்க்காலிலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிட்டுப் போகும். வீட்டுக்காரர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டார். மலம் மட்டும் ஊர்த் தண்ணீருக்கே திரும்பி வந்துவிட்டது.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று ஒடிசாவில் நடந்து 2014-இல் வெளியானது. 100 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதியில் தீவிரமாகக் கழிவறை கட்டினார்கள். அந்தக் கிராமங்களில் கழிவறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு மற்ற கிராமங்களில் இருந்த அளவிலேயே நின்றது. கழிவறையால் பயனில்லை என்று இதைப் படிப்பது பெரிய தவறு. கட்டியவற்றில் பல பயன்படுத்தும் நிலையில் இல்லை. இருந்த இடங்களிலும் எல்லாரும் பயன்படுத்தவில்லை. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். கழிவகற்றல் தடுப்பூசி மாதிரி. என் வீட்டுக் கழிவறை முதலில் காப்பாற்றுவது என் மலத்திலிருந்து பக்கத்து வீட்டாரை. என்னைக் காப்பாற்றுவது அவர்கள் வீட்டுக் கழிவறை. தெருவில் பாதிப் பேர் விடுபட்டால், செலவழித்த பாதிக்கும் பலன் வந்து சேராது.

## ஒரே தெரு, இரண்டு தண்ணீர்

மலத்தை முழுவதும் தடுக்க முடியாத இடத்தில் நீரைச் சுத்திகரிப்பது இரண்டாவது அரண். அது எவ்வளவு வலுவானது என்பதற்கு 1892-இல் ஜெர்மனியில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எல்பே ஆற்றின் கரையில் ஹம்பர்க்கும் அல்டோனாவும் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு நகரங்கள். ஹம்பர்க் ஆற்றுநீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. அல்டோனா அதற்கும் கீழே, ஹம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு நீரை எடுத்தது. ஆனால் மணல் படுகையில் மெல்ல வடிகட்டித் தந்தது. அந்த ஆகஸ்டில் காலரா வந்தது. ஹம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக இருந்த தெருவில், ஹம்பர்க் தண்ணீர் குடித்த பக்கம் நோய், அல்டோனா தண்ணீர் குடித்த பக்கம் நோய் இல்லை. காற்றும் மண்ணும் இரு பக்கமும் ஒன்றே. ஹம்பர்க்கும் வடிகட்டும் நிலையம் கட்டிக்கொண்டுதான் இருந்தது. அது முடிந்தது மறு ஆண்டு.

## குளோரின் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

குளோரின் மலிவானது, எளிதானது, கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆனால் போட்டவுடனே வேலை முடிந்துவிடுவதில்லை. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் குறைந்தது 30 நிமிடம் நீரோடு இருந்தால்தான் பாக்டீரியாக்களும் பெரும்பாலான வைரஸ்களும் சாகும். கலங்கல் நீரில் இது நடக்காது. நீரில் மிதக்கும் மண்ணும் அழுக்கும் குளோரினைத் தாங்களே தின்றுவிடும். துகளுக்குள் ஒளிந்த கிருமியை அது எட்டவும் எட்டாது. வெள்ளத்துக்குப் பிறகு பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியும் நோய் அடங்காமல் போவது இதனால்தான்.

செலவானது போக நீரில் மிஞ்சி நிற்பதை எஞ்சிய குளோரின் என்கிறோம். வழியில் ஏதாவது உள்ளே கசிந்தால் அதைக் கொல்ல இருக்கும் கையிருப்பு அது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் வரவில்லை என்றால் அந்தக் கையிருப்பு வழியிலேயே செலவாகிவிட்டது. ஒரு நிமிட வேலை.

குளோரினுக்கு மசியாதவையும் உண்டு. 1955 இறுதியில் டெல்லியில், யமுனையிலிருந்து நீர் எடுக்கும் இடத்துக்குக் கழிவுநீர் எதிர்த்து வந்து சேர்ந்தது. குளோரினை அதிகமாகக் கலந்தார்கள். டைபாய்டும் சீதபேதியும் கூடவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவந்தது. பெரும்பாலோருக்குத் தானே ஆறிவிடும் இந்த நோய், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நூற்றில் இருபது, இருபத்தைந்து பேர் வரை கொன்றுவிடும். கிரிப்டோஸ்போரிடியம் குடிநீரில் போடும் அளவு குளோரினைக் கண்டுகொள்வதே இல்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அது சுத்திகரிப்பு நிலையத்தையே தாண்டி வந்து, சுமார் 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது.

மருத்துவர்கள் கொதிக்க வைக்கச் சொல்வது இதனால்தான். கொதி மூன்று வகைக் கிருமிகளையும் கொல்லும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இருபது நிமிடம் வைத்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. ஆறிய நீரைக் குறுகிய வாயுள்ள, மூடிய பாத்திரத்தில் வைத்துச் சரித்து ஊற்ற வேண்டும். அகல வாய்ப் பாத்திரத்தில் டம்ளரை முக்கி மொண்டால் விரலும் சேர்ந்து நனையும். கொதித்த நீருக்குக் கையிருப்புக் குளோரினும் கிடையாது.

துணியால் வடிகட்டுவது பற்றி ஒரு வார்த்தை. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில், பழைய சேலையை மடித்து வடிகட்டிய வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரில் வாழும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் பூச்சிகளில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது பலித்தது. டைபாய்டுக்கோ வைரஸுக்கோ இந்த முறை உதவாது.

## ஒரு ஓடையில் தொடங்கி

இவ்வளவு அரண்களும் இல்லாத இடத்தில் ஒரே ஒரு கசிவு என்ன செய்யும்? 2010 ஜனவரியில் ஹைட்டியை நிலநடுக்கம் சிதைத்தது. ஆனால் காலரா நிலநடுக்கத்தால் வரவில்லை. அங்கே அதற்கு முன் ஒரு நூற்றாண்டாகக் காலராவே கிடையாது. அக்டோபரில், மிர்பலே ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் மலக்கழிவு ஓர் ஓடையில் கலந்தது. காலரா இருந்த நேபாளத்திலிருந்து புதிதாக வந்த வீரர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஓடை ஆர்டிபோனிட் ஆற்றில் சேர்ந்தது. அந்த ஆற்றுநீரைத்தான் கீழே இருந்த ஊர்கள் குடித்தன, அதில்தான் குளித்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். ஏறத்தாழ 10,000 பேர் சாவு. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கீ மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கிருமி எங்கிருந்தும் வரலாம். நல்ல கழிவகற்றல் உள்ள நாட்டுக்கும் காலரா நோயாளிகள் விமானத்தில் வந்து இறங்கத்தான் செய்கிறார்கள். அங்கே அது ஓரிருவரோடு நின்றுவிடுகிறது.

## ஏன் இவ்வளவு வேகமாகச் சாகிறார்கள்?

காலராவில் கொல்வது நீரிழப்பு. கிருமியின் நச்சு குடல் செல்களை இடைவிடாமல் உப்பையும் நீரையும் வெளியே தள்ள வைக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் வரை, சிலர் சில மணி நேரத்திலேயே, இறந்துவிடுவார்கள். ஆனால் அதே குடலில் ஒரு வாசல் மட்டும் கெடாமல் இருக்கிறது: சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே நீரும் போகும். உப்பு–சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது இந்த வாசல் வழியாகத்தான். வெறும் தண்ணீர் கொடுத்தால் இப்படி ஏறாது.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, உறவினர்களே குவளையில் பிடித்து நோயாளிக்குக் கொடுக்கும்படி செய்தார். முகாமில் 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு, கரைசல் குடித்தவர்களிடையே 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஓ.ஆர்.எஸ் பாக்கெட் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. குழந்தைக்குப் பேதி ஆகும்போது தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்துவது ஆபத்து. கண் குழிந்து, சிறுநீர் நின்று, துவண்டு போனால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

காலராவுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து உண்டு. இரண்டு தவணை கொடுத்தால் சில ஆண்டுகள் காக்கும். ஆனால் தேவைக்கேற்ப உற்பத்தி இல்லாமல், 2022 அக்டோபரிலிருந்து கொள்ளைநோய்ப் பகுதிகளில் ஒரே தவணையோடு நிறுத்திக்கொள்ளும் நிலை வந்தது.

## அடுத்த செய்தியைப் படிக்கும்போது

'நீர் மாதிரிகள் திருப்தி' என்ற வரியைப் பார்த்தால் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

1. மாதிரி எடுத்த தேதி, நோயாளிகள் அந்த நீரைக் குடித்திருக்கக்கூடிய நாட்களோடு பொருந்துகிறதா?
2. தண்ணீர் விட்ட முதல் சில நிமிடங்களில் எடுத்ததா, தெளிந்த பிறகு எடுத்ததா?
3. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார்களா? எந்த வால்வுக்குக் கீழே அவை குவிந்திருக்கின்றன?
4. அந்த இடத்தில் சாக்கடை எந்தப் பக்கம் போகிறது? கசடு லாரி எங்கே கொட்டுகிறது?
5. எஞ்சிய குளோரின் எவ்வளவு? அளந்தது தொட்டிக்குப் பக்கத்திலா, குழாயின் கடைசி வீட்டிலா?